அந்தரத்தில் ஒரு தொழிலாளி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மின்சாரத்தின் பெருமையைப் பாடாத கல்லூரி ஆண்டு மலர் இருக்க முடியாது. நம் நூலகத்தில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மலர்களைப் புரட்டினால் மின்சாரத்தின் கதை, மின்சாரத்தின் பயன்கள், மின்சாரம் இல்லாத உலகம் என்று ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது கண்ணில் படும். அக்கட்டுரைகளில் கண்டுபிடித்த மேதைகள் இருப்பார்கள்; அனுபவிக்கும் நாமும் இருப்போம். இடையில் கம்பியைக் கட்டியவனும் காப்பவனும் மட்டும் இருக்க மாட்டான். இக்கட்டுரை அவனைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, ஹெலிகாப்டரில் ஏறிப் போய், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உயர் அழுத்தக் கம்பியைக் கையால் பிடித்துப் பழுது பார்க்கிறானே, அந்த மனிதனைப் பற்றியது.

இத்தொழில் நம் ஊர்ப் பக்கம் கண்ணில் படுவதன்று. 1970களின் இறுதியை ஒட்டி அமெரிக்காவில் தொடங்கி, அங்கேதான் பெரிதும் வளர்ந்தது. சென்ற பருவத்தில் நிலைமின்னியல் வகுப்பில் ஃபாரடே கூண்டைப் பற்றிப் படித்தபோது எங்கள் பேராசிரியர் இதன் படக்காட்சி ஒன்றைத் திரையிட்டுக் காட்டினார். நாற்பது பேரும் வாய் பிளந்து பார்த்தோம். மணி அடித்ததும் ‘அடேயப்பா!’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டோம். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய், நன்றாகவே இறங்கியது. ஆனால் அன்று முதல் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்புக் குறைந்தது, கவலை கூடியது.

முதலில் வியப்பைச் சொல்லிவிடுகிறேன். காக்கை மின்கம்பியில் உட்கார்ந்தால் சாவதில்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. அது தரையையும் தொடவில்லை. ஆகவே அதன் உடல் வழியே பாய்வதற்கு மின்சாரத்துக்குக் காரணம் ஏதும் இல்லை. இந்தக் காக்கைத் தத்துவத்தை மனிதனுக்குப் பொருத்திப் பார்த்ததுதான் ‘வெறுங்கை முறை’. 1960ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பொறியாளர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் ஐந்து லட்சம் வோல்ட் கம்பி நம் தெருக்கம்பி போன்றதன்று. அதன் அருகே போனாலே மின்புலத்தின் வலிமையால் தோல் ஊசி குத்தியதுபோல் சுருக்கென்னும். மயிர் சிலிர்த்து நிற்கும். அதற்காகத்தான் எஃகு இழை கலந்து நெய்த உடை. தலை முதல் கால் வரை போர்த்திய அந்த உடை, 1836இல் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டிய கூண்டின் தையற்கடை வடிவமேயன்றி வேறில்லை. மின்புலம் உடையோடு நின்றுவிடும்; உள்ளே இருப்பவனைத் தீண்டாது.

ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு மேடை. ஒருவன் உட்காரலாம், கருவிகளை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. விமானி கம்பியை நெருங்கி அந்தரத்தில் நிற்க, மேடையில் இருப்பவன் ஓர் உலோகக் கோலை நீட்டுகிறான். கோலின் முனைக்கும் கம்பிக்கும் இடையே நீல நிறத்தில் பொறி தாவுகிறது. உடனே ஒரு பிடிப்பானைக் கம்பியில் மாட்டுகிறான். அந்த நொடியிலிருந்து அவனும் விமானியும் ஊர்தியும் அந்தக் கம்பியின் மின்னழுத்தத்திலேயே இருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் ஊர்தி விலகினால் தானே கழன்று விடும்படி அந்தப் பிடிப்பான் செய்யப்பட்டிருக்கிறது. பின்னர் அவன் தன் வேலையைத் தொடங்குகிறான். இணைக்கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் ஸ்பேசரை மாற்றுவான், அறுந்த இழைகளின் மேல் உறை சுற்றுவான், மறைதிருகுகளை முடுக்குவான். கீழே ஊரில் ஒரு விளக்குக்கூடக் கண் சிமிட்டுவதில்லை!

நண்பர்களே, இதுவரை நான் சொன்னதில் மின்சாரம் யாரையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஐந்து லட்சம் வோல்ட், ஐந்து லட்சம் வோல்ட் என்றே வாய் ஓயாமல் வியக்கிறார்கள். என் கருத்தில் அவர்கள் தவறான இடத்தைப் பார்த்து அஞ்சுகிறார்கள். மின்சாரத்தின் குணம் நமக்கு எண்ணாகத் தெரியும். வறண்ட காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ முப்பதாயிரம் வோல்ட் வேண்டும். நீண்ட இடைவெளிகளுக்கு அந்த விகிதம் குறையும். அதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் வோல்ட் கம்பியோடு ஒட்டியிருப்பவன் கோபுரத்தின் இரும்புக்கு மூன்று மீட்டருக்குள் வந்துவிடக் கூடாது என்றால் வரக் கூடாது, அவ்வளவுதான். மின்சாரம் வாக்குத் தவறாது. வாக்குத் தவறக் கூடியவை காற்றும், எஞ்சினும், களைத்துப்போன மனிதனின் கையும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் எடுத்துச் செல்லப்படுவது எம்.டி. 500 என்னும் சிறிய ஹெலிகாப்டர். முழுச் சுமையோடு அதன் எடை சுமார் 1,360 கிலோ. நாலைந்து பேர் ஏறிய பழைய அம்பாசிடர் காரைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் சுழலும் விசிறியின் விட்டம் சுமார் எட்டு மீட்டர். நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. முதலாண்டில் படித்த வட்ட இயக்கச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். விசிறியின் நுனி விநாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பறக்கிறது. மேடையில் இருப்பவன் கம்பியைப் பிடித்து வேலை செய்யும்போது அந்த விசிறி அவன் தலைக்கு மேலும் கம்பிக்கு மேலும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒன்றன் கீழ் ஒன்றாகக் கம்பிகள் ஓடும் கோபுரமானால் மேலே இன்னொரு கம்பியும் இருக்கும். உச்சியில் இடிதாங்கும் எர்த் கம்பி இருக்கும். சில அடித் தூரம் காற்று தள்ளினால் போதும். சந்தையில் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி நடக்கும் கழைக்கூத்தாடியைப் பார்த்து, கரணம் தப்பினால் மரணம் என்கிறோம். அவனுக்காவது கம்பம் அசையாமல் நிற்கிறது. இங்கே கம்பமே காற்றில் மிதக்கிறது.

அந்தச் சிறிய ஊர்திக்கு எஞ்சின் ஒன்றுதான். பறக்கும்போது எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சரியன்று. முன்னோக்கி வேகமாகப் பறந்துகொண்டிருந்தாலோ போதிய உயரத்தில் இருந்தாலோ, கீழிருந்து மேலேறும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும்; விமானி பத்திரமாக இறக்கிவிட முடியும். வேம்பின் காய்ந்த இலை சுழன்று சுழன்று இறங்குவதைப் போல என்று சொல்லலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கையில் வேகம் இருக்க வேண்டும், அல்லது உயரம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நிலை எது? தரையிலிருந்து நூறு, நூற்றைம்பது அடி உயரத்தில் அசையாமல் நிற்பது. கம்பி வேலை நடப்பதோ சரியாக அந்த உயரத்தில், சரியாக அந்த நிலையில்! எந்த உயரத்தில் எந்த வேகத்தில் இருக்கக் கூடாது என்பதை ஹெலிகாப்டரின் கையேட்டிலேயே ஒரு வரைபடமாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு விமானிகள் தமக்குள் இட்டிருக்கும் பெயர் ‘செத்தவன் வளைகோடு’. பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாற்பது மீட்டரிலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொட மூன்று விநாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஹெலிகாப்டரின் விசிறியில் மிச்சமிருக்கும் சுழற்சி இதைக் கொஞ்சம் குறைக்கும்தான். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது என்று விமானிக்குப் புரிவதற்கே ஒரு விநாடி வேண்டும். மேடையில் இருப்பவன் கம்பியில் கை வைத்திருக்கிறான். அவனுக்குப் புரிவதற்கு எத்தனை விநாடி?

இன்னொரு முறையும் இருக்கிறது. மேடைக்குப் பதிலாக நீண்ட கயிறு. ஹெலிகாப்டர் உயரே நிற்க, முப்பது மீட்டர் கயிற்றின் நுனியில் தொழிலாளி தொங்கிக்கொண்டு கோபுரத்துக்கும் கம்பிக்கும் போய்ச் சேர்கிறான். விமானி கதவுப் பக்கமாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தபடியே ஓட்ட வேண்டும். இதன் படத்தை என் தாய்மாமனுக்கு என் கைபேசியில் காட்டினேன். அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். மின்கோபுரம் நிறுத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பதினோரு ஆண்டு கூலியாக இருந்தவர். ஆந்திரம், ஒரிசா என்று காடு மலையெல்லாம் திரிந்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் முதல் பருவக் கட்டணம் அவர் கோபுரத்தில் ஏறி இறங்கிய காசு. படத்தை அவர் பேசாமல் முழுவதும் பார்த்தார். வியப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்தக் கவுத்த அவுத்து உடற கொக்கி யாரு கையில இருக்குது மாப்ளே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது அவர் கேட்ட கேள்விதான் இந்தத் தொழிலின் நடுநரம்பு என்று புரிந்தது. ஹெலிகாப்டரில் தொங்கும் சரக்கு எங்கேனும் சிக்கிக்கொண்டால் விமானி ஒரு பொத்தானை அழுத்திச் சரக்கை உதறிவிட்டு ஊர்தியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே அந்தக் கொக்கி. ஆனால் கயிற்றின் நுனியில் மனிதன் தொங்கும்போது? தவறிக் கை பட்டு அவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே இரண்டு முறை இயக்கினால்தான் அவிழும்படி இரட்டைக் கொக்கி வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆயினும் அவிழ்க்க வழி இருக்கத்தான் செய்கிறது. அந்த வழி விமானியின் கையில் இருக்கிறது. கம்பியில் சிக்கிக்கொண்ட ஊர்தியும், அதன் கீழ் கட்டுண்ட மனிதனும் என்று ஒரு நொடி வந்தால், ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எடைபோட வேண்டியிருக்கும். அப்படி ஒரு நொடியை வேலைத்திட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் தொழில் வேறு எத்தனை உண்டு? பதினோரு ஆண்டு கயிற்றில் தொங்கியவருக்கு அது முதல் பார்வையில் தெரிந்தது. மேல்நிலையில் இயற்பியலில் தொண்ணூறு வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

கம்பியில் மோதும் ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியைப் பராமரிக்கப் போகிறவனுக்கு அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்பது தெரியும். அவனை வீழ்த்துவது பெரும்பாலும் தெரியாத இன்னொரு கம்பி. குறுக்கே போகும் வேறொரு பாதை, அல்லது விரல் பருமனே உள்ள எர்த் கம்பி. மலைச் சரிவின் பின்னணியில் மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரியாது. வெயில் கண்ணில் அடித்தால் கேட்கவே வேண்டாம். கம்பியைத் தேடாதே, கோபுரத்தைத் தேடு என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் பாடம். 1970களின் கடைசியில் கனடாவின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் நிறுவனம், ஹெலிகாப்டரின் நெற்றியிலும் அடிவயிற்றிலும் பொருத்தும் வெட்டுக்கத்திகளைச் செய்து கொடுத்தது. மோதும் கம்பியை அது வழிநடத்தி வாயில் வாங்கி நறுக்கிவிடும். பல உயிர்களைக் காத்த கருவி; குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முன்னோக்கி வேகமாகப் பறக்கும்போது நேர் எதிரே வரும் கம்பிக்குத்தான் அது உதவும். அந்தரத்தில் நிற்கும்போது பக்கவாட்டில் விசிறியைத் தொடும் கம்பியை அந்தக் கத்தி என்ன செய்யும்?

பின் ஏன் இந்த முறையைக் கைவிடவில்லை? அறிவியல் மன்றக் கூட்டத்தில் இதே தலைப்பில் நான் பேசியபோது விடுதி நண்பர் ஒருவர் எழுந்து என்னை மடக்கினார். “கடலில் போகிற மீனவனுக்கு ஆபத்து இல்லையா? மலை உச்சியில் உள்ள கோபுரத்துக்கு நடந்து போய், ஏறி இறங்கும்போது ஒருவன் விழுந்து சாகவில்லையா? மின்சாரத்தை நிறுத்தினால் மருத்துவமனையில் இருக்கிறவன் சாக மாட்டானா?” என்று அடுக்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது அழகன்று.

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா இருண்டது நினைவிருக்கலாம். இரண்டாம் நாளில் மட்டும் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி மின்சாரம் இழந்தது. மத்தியப் பிரதேசத்தின் பினா, குவாலியர் நகரங்களை இணைக்கும் பாதையில் ஒரு கம்பித் தொகுதியைத் தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிற பாதைகள் சிலவும் நிறுத்தத்தில் இருந்தன. எஞ்சியிருந்த கம்பிகளின் மேல் சுமை கூடியது. அந்தப் பாதையில் மிச்சமிருந்த இணைப்பும் துண்டிக்கப்பட்டதும் சீட்டுக்கட்டு சரிவதுபோல் எல்லாம் சரிந்தது. ஒரு பாதையை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கம்பியைக் கவனிக்காமல் விட்டாலும் கேடுதான். 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்களில் கம்பிகள் தாழ்ந்து தொட்டதில் தொடங்கியது, அமெரிக்காவும் கனடாவுமாக 5 கோடி மக்களை இருட்டில் தள்ளியது. ஆகவே கம்பியைக் கவனித்தே ஆக வேண்டும்; கூடுமானவரை நிறுத்தாமலும் கவனிக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒப்புக்கொள்ளாதது ஒன்று. மீனவன் கடலுக்குப் போவதும் இதுவும் ஒன்றல்ல. கடலை நிறுத்த முடியாது. மின்சாரத்தை நிறுத்த முடியும். நம் ஊர் லைன்மேன்கள் அன்றாடம் ‘எல்.சி.’ வாங்கிக்கொண்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டுதானே கம்பம் ஏறுகிறார்கள்! உயர் அழுத்தப் பாதையை நிறுத்தினால் நட்டம் அதிகம் என்பதே அதை நிறுத்தாமைக்குக் காரணம். மாற்றுப் பாதையைக் கட்டி வைத்திருந்தால் நட்டமின்றி நிறுத்தலாம். மாற்றுப் பாதைக்குப் பணம் வேண்டும். ஆகவே கட்டாமல் விட்ட பாதையின் விலையை, அந்தரத்தில் தொங்குகிறவன் தன் உடலால் ஈடுகட்டுகிறான். அந்த மிச்சம் யாருக்குப் போய்ச் சேர்கிறது? நிறுவனத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவ முடியாது. இரவு பத்து மணிக்கு விடுதியில் ஐந்து நிமிடம் மின்சாரம் நின்றால் நாம் போடும் கூச்சலில் அதற்குப் பங்கு உண்டு.

வானிலிருந்து பார்ப்பது விரைவானது, மலிவானது, ஆகவே சிறந்தது என்கிற வாதமும் முழு உண்மையன்று. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து போனது. 85 பேர் மாண்டனர். ஏறத்தாழ நூறாண்டு பழைய ஒரு மின்பாதையில், இன்சுலேட்டரைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து தேய்ந்து அறுந்ததே அதன் தொடக்கம். அந்தப் பாதையை ஆண்டுதோறும் பார்வையிடாமல் இல்லை. பெரும்பாலும் ஹெலிகாப்டரில் பறந்து பார்த்தார்கள். கோபுரத்தில் ஆள் ஏறி அந்தக் கொக்கியைக் கிட்டத்தில் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது என்பதை அம்மாவட்ட அரசு வழக்கறிஞரின் அறிக்கை விரிவாகச் சொல்கிறது. அந்த மின் நிறுவனமான பி.ஜி. அண்டு ஈ. 2020இல் 84 பேரின் சாவுக்கு நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பறந்து போகிறவன் கண்ணுக்குக் கொக்கி தெரியும். கொக்கியின் தேய்மானம் தெரியாது. விமானியின் உயிரையும் பணயம் வைத்து, பார்க்க வேண்டியதையும் பார்க்காமல் வருவதைப் பராமரிப்பு என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பார்ப்பதையும் தொடுவதையும் முதலில் பிரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பார்ப்பதற்கு இன்று மனிதன் மேலே போக வேண்டியதே இல்லை. ஒரு டிரோன் கொக்கிக்குப் பத்தடியில் நின்று அதன் தேய்மானத்தைப் படம் எடுத்துவிடும். விழுந்தால் விழுந்தது, தாலியறுப்பு இல்லை. தொடுவதிலும் ஒரு பகுதி இயந்திரத்தால் முடியும். கனடாவில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் செய்த ‘லைன்ஸ்கவுட்’ என்ற பொறி, மின்சாரம் ஓடும் கம்பியின் மேலேயே ஊர்ந்து போகும். வழியில் ஸ்பேசர் குறுக்கிட்டால் தாண்டிப் போகும். சிறு பழுதுகளைப் பார்க்கவும் செய்யும். அதைக் கம்பியில் ஏற்றிவைக்க ஆள் வேண்டும் என்று ஒரு குறை சொல்லலாம். குறைதான். ஆனால் நாள் முழுவதும் அங்கேயே ஆளை நிறுத்துவதைவிடக் குறைந்த குறை.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பனிக்காலத்தில் பஞ்சாப், அரியானா பக்கங்களில் மூடுபனியும் தூசும் சேர்ந்து பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்து பாதைகள் அடிக்கடி துண்டிக்கப்பட்டு வந்தன. ஹெலிகாப்டரிலிருந்து தூய நீரைப் பீய்ச்சிக் கழுவியும் பார்த்தார்கள். பிறகு அழுக்கை எளிதில் ஒட்டவிடாத பாலிமர் இன்சுலேட்டர்களை நெடுந்தூரத்துக்கு மாற்றினார்கள். கழுவும் வேலையைப் பத்திரமாகச் செய்வது எப்படி என்று யோசிப்பதோடு நிற்காமல், கழுவ வேண்டிய தேவையையே குறைப்பது எப்படி என்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார். அவரைப் போன்றவர்கள் நம் வகுப்பிலிருந்தும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பவர் கிரிட் நிறுவனம் நம் நாட்டிலும் ஹெலிகாப்டரில் பறந்து பாதைகளைப் பார்வையிட்டிருக்கிறது; டிரோன்களையும் பயன்படுத்துகிறது. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டு வேலை செய்ய, பெங்களூரில் தனிப் பயிற்சி நிலையமே நெடுநாளாக இருக்கிறது. சத்தீசுகர் மாநிலம் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதையில் 2020 முதல் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. 6,000 மெகாவாட் கொண்டுவர வல்ல பாதை. காடும் மலையும் ஆறும் தாண்டி வருகிற இத்தகைய பாதைகள் நாட்டில் பெருகப் பெருக, அவற்றை நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது. அன்று, ஹெலிகாப்டரில் ஆளை ஏற்றினால் என்ன என்ற பேச்சு இங்கும் வரும். ஏறப் போகிறவன் யார் என்பதும் எனக்குத் தெரியும். நம்மில் பலருடைய அண்ணனோ மாமனோ சித்தப்பனோதான்.

என் மாமா வேலை செய்த இடத்தில் ஒருமுறை அவரோடு கூட இருந்தவர் கோபுரத்தின் குறுக்குக் கையிலிருந்து விழுந்தார். மேலே காற்று பலமாக இருந்த நாள். ஏற வேண்டாம் என்று காலையிலேயே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருவருக்கும் அன்று கூலி இல்லை. மறுநாள் வேலையும் இல்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஏறினார்கள். விழுந்தவரின் பெயர் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் எழுதப்படவே இல்லை என்பது பிறகு அவர் மனைவி போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. இதை மாமா என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. அதன் பிறகு கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆகவே ஒப்பந்தப் புள்ளி கோரும் நாளிலேயே சில விதிகளை எழுதிவிட வேண்டும் என்கிறேன். மனிதனைத் தொங்கவிடும் ஊர்திக்கு இரண்டு எஞ்சின் இருக்க வேண்டும். ஒன்று நின்றால் மற்றொன்று தாங்க வேண்டும். விலை கூடும், கூடட்டும். டிரோனால் முடியாது என்று எழுத்தில் காரணம் காட்டிய பிறகே ஆளை ஏற்ற வேண்டும். மேலே போகிற ஒவ்வொருவன் பெயரும், ஒப்பந்தக் கூலியானாலும், மின் நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். காற்று எத்தனை வேகத்துக்கு மேல் போனால் வேலையை நிறுத்துவது என்பதை எண்ணாக எழுதிவிடலாம், அது எளிது. எண்ணுக்குள் அடங்காத காற்றும் உண்டு. மலை இடுக்கில் சுழன்று வருவதைக் கருவிக்கு முன்பே மேலே இருப்பவன் தன் தோலில் உணர்வான். “இன்றைக்குக் காற்று சரியில்லை, நான் ஏறவில்லை” என்று அவன் சொன்னால் அன்றைய கூலி முழுதும் அவனுக்குத் தரப்பட வேண்டும். மறுநாள் வேலையும் இருக்க வேண்டும்.